விலைக்கு வாங்கிய மூட்டம்

திம்புள்ள மலைப் பக்கம் பிறந்து, அங்கேயே லொறி ஓட்டி, அங்கேயே காலை ஒடித்துக்கொண்ட ஒரு மனிதர் காசு கொடுத்துப் பனிமூட்டம் வாங்கினார் என்றால் யாராவது நம்புவார்களா? எங்கள் அப்பா வாங்கினார். கதவைத் திறந்தால் வாசலில் சும்மா நிற்கிற சாமான் அது. ஆடி மாதத்தில் அடுப்படி வரைக்கும் வந்து, துவைத்த துணியைக் காயவிடாமல் நம் உயிரை எடுக்கும். அதைப் போய் அவர் கொழும்பிலிருந்து வரவழைத்தார். வரவழைத்துக் கொடுத்த மடச்சி நான்தான்.

அப்பாவின் பெயர் அழகுமுத்து. பெயரைச் சொன்னால் தோட்டத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது, டிரைவர் என்றால் நாய்க்கும் தெரியும். பதினெட்டு வருடம் கொழுந்து லொறி ஓட்டினார். மலையில் பறித்து நிறுத்து மூட்டை கட்டிய கொழுந்தை ஏற்றிக்கொண்டுபோய் ஸ்டோரில் சேர்க்கிற வேலை. தேயிலை ஃபெக்டரியைத்தான் எங்கள் ஆட்கள் ஸ்டோர் என்பார்கள். டிவிஷனைக் கணக்கு என்பார்கள். எங்கள் தோட்டத்தில் மேல்கணக்கு, கீழ்க்கணக்கு என்று இரண்டு. இரண்டுக்கும் ஒவ்வொரு லொறி. பின்னேரம் கடைசி நிறுவை முடிந்ததும் எந்த லொறி முதலில் போய் நிற்கிறதோ அதில்தான் முதலில் மூட்டை இறக்குவார்கள். பிந்திப் போகிற டிரைவர் ஒன்றரை மணித்தியாலம் குளிரில் நிற்கவேண்டியதுதான். அப்பா ஓட்டிய கீழ்க்கணக்கு லொறி பிந்தியதே கிடையாது. அந்தப் பேரை அப்பா மெடலைப் போலக் குத்திக்கொண்டு திரிந்தார்.

கடைசி நிறுவைக்குப் பிறகு தூரத்து மலையில் நிற்கும் பெண்கள் அந்த மூட்டைகளின் மேல் ஏறிக்கொள்வார்கள். லொறியில் ஆள் ஏற்றக் கூடாது என்று தோட்டத்துத் துரை எழுதி ஸ்டோர் சுவரில் ஒட்டியிருந்தார். கடிதாசி சுவரில் இருந்தது, பெண்கள் மூட்டை மேல் இருந்தார்கள், மலையில் வேலை வாங்குகிற கண்டாக்கு ஐயா வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு மணித்தியாலம் மலையில் நின்ற காலுக்கு இன்னும் மூன்று மைல் நட என்று யார்தான் சொல்வது? எங்கள் அம்மா மீனம்மாவுக்கு மட்டும் முன் சீட்டு. டிரைவர் பெண்சாதி ஆயிற்றே. "மகாராணி ஏறிட்டாங்களா, வண்டிய எடுக்கலாமா?" என்று பின்னாலிருந்து வீரம்மா சின்னம்மா கேட்பதும், அம்மா ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அடிக்கப் பார்ப்பதும் தினமும் நடப்பது. வீரம்மா சின்னம்மா லயத்து வரிசை வீடுகளில் எங்களுக்கு அடுத்த காம்பரா. அம்மாவுக்கு அவர்தான் உயிர்.

தொண்ணூற்றேழாம் வருடம் ஆடி மாதம் ஒரு பின்னேரம், ஏழாம் நம்பர் மலையிலிருந்து இறங்கும்போது சவுக்கு வளைவில் லொறி பாதையை விட்டது. அது வலது பக்கம் திரும்புகிற வளைவு. இடது பக்கம் பள்ளம், பள்ளத்து விளிம்பில் ஒரு சவுக்கு மரம். அம்மா உட்கார்ந்திருந்த பக்கம் அந்த மரத்தில் மோதியது. பின்னால் இருந்த ஒன்பது பெண்களும் கொழுந்து மூட்டைகளோடு மூட்டையாக விழுந்து பிழைத்துக்கொண்டார்கள். வீரம்மா சின்னம்மாவுக்கு இடது கை மணிக்கட்டு உடைந்து கோணலாகப் பொருந்தியது. அப்பாவின் வலது பாதம் பிரேக்குக்கும் தகரத்துக்கும் நடுவில் நசுங்கியது. அம்மா அங்கேயே போய்விட்டார். எனக்குப் பதினான்கு வயது. லயத்து வாசலில் கோதுமை மாவு பிசைந்த கையோடு நின்றிருந்தேன். அந்த மாவு காய்ந்து உரியும் வரைக்கும் கையைக் கழுவவில்லை என்று பிறகு சொன்னார்கள்.

விசாரணை நடந்தது. எப்படி நடந்தது என்று கேட்டபோது, அப்பா மணிக்கு இருபதில் வந்தேன், மூட்டத்தில் வளைவு தெரியவில்லை என்றார். லொறியில் வந்த பெண்களைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். ஒன்பது பேரும் ஒரே வார்த்தைதான். வீரம்மா சின்னம்மா கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டித் தனக்குத் தெரிந்த சிங்களத்தில், "மீதும, மாத்தயா, மீதும. முக்குத் பேன்னே நே" என்றார். மூட்டம் ஐயா, ஒன்றும் தெரியவில்லை. அத்தோடு கேஸ் முடிந்தது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லி, ஊரில் ஒருவரும் அப்பாவைக் குறை பேசவில்லை.

நானும் பேசவில்லை. நான் மூட்டத்தை வெறுத்தேன். இதைச் சொன்னால் சிரிப்பீர்கள். திம்புள்ளயில் இருந்துகொண்டு மூட்டத்தை வெறுப்பது, தண்ணீருக்குள் இருக்கிற மீன் தண்ணீரை வெறுக்கிற மாதிரி. ஆனால் மலையிலிருந்து அது இறங்கி வருவதைப் பார்த்தால் கதவைச் சாத்திக்கொண்டு வாய்க்கு வந்தபடி திட்டுவேன். எங்கம்மாவைத் தின்ற மூதேவி என்பேன். அப்பாவும் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

நசுங்கிய காலோடு லைசன்ஸும் போனது. தோட்டத்தில் அவரை நர்சரிக்கு மாற்றினார்கள். உட்கார்ந்த இடத்தில் சின்னச் சின்னப் பைகளில் மண் நிரப்பித் தேயிலைக் கன்றுக்குத் தயார் செய்கிற வேலை. பதினெட்டு வருடம் ஸ்டேரிங் பிடித்த கை மண் பிசைந்தது. வருகிற லொறிச் சத்தத்தை வைத்தே எந்த கியரில் வருகிறது என்று சொல்வார். மற்றபடி பேச்சு குறைந்துபோனது.

நான் உயர்தரப் பரீட்சை முடித்து, தலவாக்கலை டவுனில் கம்பியூட்டர் கோர்ஸ் ஒன்று செய்து, அங்கேயே ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கடைக்காரர் யாழ்ப்பாணத்து ஆள், றமணன் சேர். கம்பியூட்டரைக் கழற்றிப் பூட்ட எனக்குக் கற்றுத் தந்தவர் அவர்தான். பிள்ளைகள் வாங்கிப்போன மெஷினைத் தூசி மூட்டையாகத் திருப்பிக் கொண்டுவந்து, "அக்கா, நாங்க ஒண்ணுமே செய்யல" என்று சொல்லும்போது எனக்கு வருகிற கோபத்தைப் பார்த்து அவர் சிரிப்பார். கழித்துப் போட்ட சாமான்களில் உருப்படியாக இருந்ததைச் சேர்த்து இரண்டாயிரத்து ஐந்தில் எனக்கென்று ஒரு மெஷின் கட்டினேன். மலிவு போர்ட், இருநூற்று ஐம்பத்தாறு ரேம், பன்றிக்குட்டி பருமனில் ஒரு மானிட்டர். படம் காட்டுகிற வேலையைப் போர்டே செய்யும், தனியாக கார்ட் இல்லை. ஏழைக்கேற்ற எள்ளுருண்டை.

அப்பா முதலில் அதைத் தொடவே பயந்தார். கடையில் கிடந்த லொறி ஓட்டுகிற கேம் ஒன்றை ஒரு நாள் போட்டுக் காட்டினேன். ஏதோ வெள்ளைக்காரன் நாட்டு மலைப் பாதை. மரம் இல்லை, நிழல் இல்லை, பச்சைக் கடிதாசி ஒட்டிய மாதிரி மலை. அப்பா பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை அவரை எழுப்ப ஆள் தேவையில்லை. அங்கே வாகனம் வலது பக்கம் ஓடும். இவர் நம் ஊர் வழக்கப்படி இடது பக்கமே போவார். எதிரில் வருகிறவன் எல்லாம் ஹோர்ன் அடிப்பான். "பாதை தெரியாதவனுங்களுக்கு யாரு லைசன்ஸ் குடுத்தது?" என்பார். கடைசியில் எதிர் வாகனமே வராதபடி மாற்றிக் கொடுத்தேன். பிரேக் போட விரலால் ஒரு பட்டனை அமுக்கினால் போதும். ஆனால் அவருடைய உடைந்த வலது காலின் குதிகாலும் சிமெந்துத் தரையில் அழுந்தும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எழுந்து தேத்தண்ணி போடப் போய்விடுவேன்.

ஒரு நாள் செட்டிங் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, மற்ற எழுத்தெல்லாம் வெள்ளையாக இருக்க ஒன்று மட்டும் சாம்பலாக இருக்கிறதே, அது என்ன என்று கேட்டார். ஃபொக், அதாவது மூட்டம், நம் மெஷினுக்கு அவ்வளவு சக்தி கிடையாது, அதனால் அது வேலை செய்யாது என்றேன். தலையாட்டினார். நாலு நாள் கழித்துச் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு கேட்டார்.

"அந்த மூட்டத்த இதுல கொண்டாறதுக்கு என்னா செய்யணும், பிள்ள?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளியே ஒரு முழத்துக்கு அப்பால் மாட்டுக் கொட்டில் தெரியவில்லை. கொல்லன் தெருவில் ஊசி விற்கிறவனையாவது மன்னிக்கலாம், வாங்குகிறவனை என்ன செய்வது? "கதவத் தொறந்து வைக்கிறேன், வேண்டிய மட்டும் அள்ளிப் போட்டுக்கங்க" என்றேன். அவர் கோபப்படவில்லை. மறுபடியும் அதையே கேட்டார். தனியாக கிராஃபிக்ஸ் கார்ட் வாங்கிப் போட வேண்டும், அது நம்மால் ஆகாது என்று சொல்லி முடித்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தான் வளர்த்த கிடாயை விற்றுவிட்டு வந்து நின்றார்.

அது சும்மா கிடாய் இல்லை. ஸ்டோரில் மெஷின்களைக் காக்கிற ரோதமுனிக்கு நேர்ந்து விட்டது. டிரைவர்களுக்கும் அவர்தான் காவல். வீரம்மா சின்னம்மா வாசலில் நின்று ஒரு பாட்டம் பாடித் தீர்த்தார். முனிக்கு நேர்ந்ததை விற்று விளையாட்டுச் சாமான் வாங்கினவனை இந்த மலையில் யாராவது கேள்விப்பட்டதுண்டா என்றார். அப்பா அவரைப் பார்த்து, "முனி அன்னைக்கு எங்க போயிருந்தாரு, தங்கச்சி?" என்று மட்டும் கேட்டார். சின்னம்மா திரும்பித் தன் காம்பராவுக்குப் போய்விட்டார்.

றமணன் சேரிடம் சொன்னேன். அவர் கொழும்புக்குச் சாமான் எடுக்கப் போகும்போது பழைய கார்ட் ஒன்று வாங்கி வந்தார். உள்ளங்கை அகலம், நடுவில் பொட்டு மாதிரி ஒரு சின்னக் காற்றாடி. மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, உது உம்மட போர்டில ஏறும். ஆனா உந்தப் பவர் சப்ளை தாங்காது. அதையும் மாத்தாட்டி ரெண்டும் சேர்ந்து போகும்."

அவரே கடையில் கிடந்த பெரிய பவர் சப்ளை ஒன்றைக் காசு வாங்காமல் தூக்கித் தந்தார். லயத்துக் கரண்ட் பின்னேரத்தில் மூச்சு வாங்கும்; எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் ரைஸ் குக்கர் போடுவார்கள். அதனால் ஞாயிறு காலையில் வேலையைத் தொடங்கினேன். மூடியைக் கழற்றி, பழைய பவர் சப்ளையை எடுத்து, புதியதைப் பூட்டி, பழுப்பு நிறப் பள்ளத்தில் கார்டை வைத்து அது 'டக்' என்று உட்காரும் வரை அமுக்கினேன். அப்பா டோர்ச் பிடித்தார். மானிட்டர் வயரைக் கழற்றிப் புதுக் கார்டின் வாயில் மாட்டிவிட்டு, இனி டிரைவர் போட்டால் சரி என்றேன்.

"இதுக்கும் டிரைவர் வேணுமா?" என்று கேட்டார்.

கார்ட் வேலை செய்ய ஒரு சீடி போட வேண்டும், அதற்கு அப்படிப் பேர் என்றேன். அப்பா சிரித்தார். பல் தெரியச் சிரித்தார். அம்மா போன பிறகு அந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை. கிடாய் போனால் போகட்டும் என்று அந்த நிமிடம் முனியிடமே சொல்லியிருப்பேன்.

கேம் திறந்தது. மலை நிஜ மலையாக இருந்தது. மரத்துக்கு இலை இருந்தது, லொறிக்கு நிழல் இருந்தது. செட்டிங்கில் ஃபொக் என்ற சொல் வெள்ளையாகி, பக்கத்தில் கூட்டிக் குறைக்கிற ஒரு கோடு வந்திருந்தது. அதை நடுவில் வைத்தேன். பாதையின் மேல் மூட்டம் இறங்கி வந்தது. அப்பா வண்டியை எடுத்தார்.

அந்த மாதம் முழுக்க அவர் ஒரே இடத்தில்தான் ஓட்டினார். ஒரு நீண்ட இறக்கம், முடிவில் வலது பக்கம் திரும்புகிற வளைவு, விளிம்பில் ஒரு வெள்ளைக் கல். மேலிருந்து வருவார், வளைவில் நிறுத்துவார். திரும்பவும் மேலே போவார், வருவார், நிறுத்துவார். மூட்டத்தை ஒரு புள்ளி கூட்டுவார், ஒரு புள்ளி குறைப்பார். சில தடவை நிறுத்த முடியாமல் பள்ளத்தில் விழுவார். விழுந்தாலும் முகம் மாறாது, மறுபடி தொடங்குவார். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. கிடாயை விற்று வாங்கியதற்கு நாடு முழுக்கப் பாதை கிடக்கிறது, இந்த ஒரு வளைவில் என்ன புதையலா இருக்கிறது என்று கத்தினேன்.

"இருபதுல வந்தா நிக்குது" என்றார், திரையைப் பார்த்தபடி. "எவ்வளவு மூட்டமா இருந்தாலும், கல்லு தெரிஞ்ச பெறகு பிரேக் அடிச்சாலும் நிக்குது. நாப்பதுல வந்தா நிக்கல."

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. அது வெள்ளைக்காரன் நாட்டு வளைவு இல்லை, சவுக்கு வளைவு. அன்றைக்கு நீங்கள் எத்தனையில் வந்தீர்கள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"மேல்கணக்கு லொறி முன்னால போயிருச்சின்னு நெனச்சேன்" என்றார். நான் கேட்டதற்கு அதுதான் பதில்.

அன்றிரவு நான் தூங்கவில்லை. அவர் பொய் சொன்னார் என்பது அல்ல என்னை அரித்தது. ஒன்பது வருடமாக இதைச் சுமந்துகொண்டு மண் பை நிரப்பியிருக்கிறார். எனக்கு மிச்சமிருப்பது அவர் ஒருவர்தான். அவர் தன்னைத்தானே கொலைகாரன் என்று தீர்ப்பெழுதப் பார்க்கிறார், அதற்கு மெஷின் கட்டிக் கொடுத்தவள் நான். எப்படியாவது அவரை அதிலிருந்து இறக்கிவிட வேண்டும். மெஷின் வேலை தெரிந்தவளுக்கு வேறு என்ன வழி தோன்றும்?

அடுத்த ஞாயிறு அவர் லயத்துப் பீலித் தண்ணீரில் குளித்துவிட்டு வருவதற்குள் கேமின் ஃபைலைத் திறந்து, மூட்டத்தின் அளவை அந்தக் கோட்டில் வைக்கக்கூடிய எல்லையையும் தாண்டி ஏற்றிவைத்தேன். திரையில் கோடு பழைய இடத்திலேயே நின்றது. பாதையில் மட்டும் பால் ஊற்றிய மாதிரி ஒன்றும் தெரியாது. இருபதில் வந்தாலும், பத்தில் வந்தாலும் எந்தக் கொம்பனாலும் நிறுத்த முடியாது. மூட்டம்தான் காரணம் என்று அவர் கண்ணாலேயே பார்க்கட்டும், பார்த்து ஆறட்டும் என்று நினைத்தேன்.

அவர் வந்து உட்கார்ந்தார். இருபதில் இறங்கினார். வெள்ளைக் கல் தெரியவே இல்லை, வண்டி பள்ளத்தில் விழுந்தது. பின்னால் நின்ற நான் ஒன்றும் தெரியாதவள் மாதிரி, "பாத்தீங்களாப்பா, இருபதுல வந்தாலும் நிக்கல. மூட்டந்தான்பா" என்றேன்.

அப்பா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். திரும்பி என்னைப் பார்த்தார். திருட்டு முழியை மறைக்க எனக்குத் தெரியாது.

"இவ்வளவு மூட்டம் அன்னைக்கு இல்ல, பிள்ள" என்றார்.

ஒன்பது வருடம் ஆகிறது, உங்களுக்கு எப்படி ஞாபகம் இருக்கும் என்று அவர் மேல் பாய்ந்தேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

"ஒங்கம்மா பாத்துட்டாளே. 'ஏங்க, வளைவு, மெதுவா'ன்னா. எனக்குத் தெரியாதா, நீ வாய மூடுன்னேன்."

பிறகு சொன்னார். அம்மா உண்மையில் அப்படிச் சொன்னாரா, இல்லை ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் தானாகக் கற்பனை செய்துகொண்டதா என்பது அவருக்கே நிச்சயம் இல்லாமல் இருந்ததாம். அவ்வளவு மூட்டத்தில் பக்கத்தில் இருந்தவளுக்கு வளைவு தெரிந்திருக்க முடியாது என்று மெஷின் காட்டிவிட்டால், அந்தக் குரல் பொய் என்று ஆகிவிடும், காதை விட்டுப் போய்விடும் என்று நம்பினாராம். அதற்காகத்தான் முனியின் கிடாயை விற்றார். மெஷின் வேறு மாதிரிக் காட்டிவிட்டது. அன்றைக்கு இருந்த அளவுக்கு மூட்டத்தைக் கூட்டிக் குறைத்து வைத்துப் பார்த்தால் கல் தெரிந்தது. அம்மா பார்த்தார். சொன்னார்.

அவர் கழுத்தைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. அதே கழுத்தைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. எங்கம்மா கடைசியாகக் கேட்ட வார்த்தை "வாய மூடு" என்பதுதானா? இரண்டில் ஒன்றையும் செய்யாமல் குடத்தை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனேன். குடம் நிறைந்து வழிந்துகொண்டே இருந்தது. பின்னால் நின்ற பெண்கள் சத்தம் போடவில்லை.

பதினொரு நாள் அவரோடு பேசவில்லை. சோறு ஆக்கி வைப்பேன், சாப்பிடுங்க என்று சொல்ல மாட்டேன். அவரும் கேட்கவில்லை. கடையில் ஒரு பையன் மேல் தேவையில்லாமல் எரிந்து விழுந்ததைப் பார்த்துவிட்டு, றமணன் சேர் என்னை மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

வாசலுக்கு வரும்போது உள்ளே லொறிச் சத்தம் கேட்டது. நர்சரியில் அன்று அரை நாள் வேலை போலிருக்கிறது. கதவு இடுக்கில் பார்த்தேன். அதே இறக்கம். மூட்டம் நடுவில், அன்றைக்கு இருந்த அளவில். ஃபைலை நான் திருத்தவில்லை, நான் சீடி போடுவதைப் பார்த்திருந்தவர் அவராகவே கேமை அழித்து மறுபடி போட்டுப் பழைய நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறார். முள் இருபதைத் தாண்டவில்லை. வெள்ளைக் கல் தெரிவதற்கு முன்பே வலது குதிகால் தரையில் அழுந்தியது. இடது பக்கம் காலியாகக் கிடந்த ஸ்டூலைப் பார்த்துச் சொன்னார்.

"சரி மீனா, தெரியுது. தெரியுது. மெதுவாத்தான் போறேன்."

நான் சத்தமில்லாமல் திரும்பிப் போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். முந்தானை நனைகிற வரைக்கும் அழுதேன். அம்மாவுக்காகவா, அவருக்காகவா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போய், தேத்தண்ணி குடிக்கிறீங்களாப்பா என்று கேட்டேன். பதினொரு நாளில் அதுதான் முதல் பேச்சு. அந்தக் கார்டைப் பற்றி அதன் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் அவர் அந்த இறக்கத்தில் இருபதில் இறங்கினார். ஸ்டூலில் துணியோ தட்டோ வைத்தால் எடுத்துக் கீழே வைத்துவிடுவார். நானும் வைப்பதை விட்டேன்.

இரண்டாயிரத்து எட்டு மார்கழியில் நெஞ்சுச் சளி முற்றி நாலே நாளில் போய்விட்டார். சவப்பெட்டியைக் கூடத்தில் வைத்திருந்தோம். கம்பியூட்டரை மூலையில் தள்ளிப் போர்வை போட்டு மூடியிருந்தேன். பொல்பிட்டியவிலிருந்து அம்மா வழியில் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் முதல் தடவையாக வந்திருந்தார். சின்ன வயதில் அம்மாவைப் பார்த்தவராம். பெண்களோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவர், மீனம்மா எப்படித்தான் போய்ச் சேர்ந்தாள் என்று கேட்டார்.

அன்றைக்கு மூட்டை மேல் வந்தவர்களில் ஆறு பேர் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தரும் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார்கள். வீரம்மா சின்னம்மா வாயைத் திறக்கப் போனார். அந்த முகத்தைப் பார்த்த உடனே எனக்கு விளங்கிவிட்டது. மூட்டை மேல் உயரத்தில் இருந்தவர்களுக்கு வளைவு தெரியாமல் போயிருக்காது. லொறி எந்த வேகத்தில் இறங்கியது என்று அவர்களுடைய எலும்புக்கே தெரியும். அவருக்காகவும் எனக்காகவும் ஒன்பது பேரும் சேர்ந்து அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். ஊரில் அதை உண்மை என்று நம்பி மலையைத் திட்டிக்கொண்டிருந்தவள் நான் ஒருத்திதான்.

சின்னம்மாவை முந்திக்கொண்டு நானே சொன்னேன்.

"மூட்டங்க. அன்னைக்கு ஒண்ணுமே தெரியல."

வீரம்மா சின்னம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அந்தக் கோணல் கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆமா, மூட்டந்தான்" என்றார்.